காலியிடம் ஏன் நிரம்புவதில்லை? அரசு மனநல சேவைக்கு மருத்துவர்களைச் சேர்ப்பது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அரசு மனநல சேவைக்கு மருத்துவர்களைத் தேர்வு செய்யும் குழுக்களில் உட்கார்ந்திருக்கிறேன். அதற்கு முன்பு அதே மேசையின் எதிர்ப்பக்கத்தில் விண்ணப்பதாரராகவும் உட்கார்ந்திருக்கிறேன். கீழே உள்ள கேள்விகளில் பெரும்பாலானவை நிர்வாகிகள் கேட்டவை. கடைசி இரண்டு மட்டும் மருத்துவர்கள் கேட்டவை.

மூன்றாவது முறையாக விளம்பரம் கொடுத்துவிட்டோம். ஒரு விண்ணப்பம்கூட வரவில்லை. விளம்பரத்தில் என்ன குறை?

விளம்பரத்தில் குறை இருக்கலாம். ஆனால் மனநல மருத்துவம் ரொம்பச் சின்ன உலகம். ஒரு வட்டாரத்தில் இருக்கும் மனநல மருத்துவர்கள் ஏறக்குறைய எல்லோரும் ஒருவரையொருவர் அறிந்தவர்கள். ஒரே பேராசிரியரிடம் படித்திருப்பார்கள், ஒரே வாட்ஸ்அப் குழுவில் இருப்பார்கள். உங்கள் விளம்பரம் வெளிவருவதற்கு முன்பே, அந்த இடத்தில் இருந்தவர் ஏன் போனார் என்ற கதை அவர்களிடம் போய்ச் சேர்ந்திருக்கும். அதனால் முதலில் போனவரைக் கூப்பிட்டுப் பேசுங்கள். கிளம்பும் நாளில் படிவத்தில் "சொந்தக் காரணங்கள்" என்றுதான் எழுதியிருப்பார். ஆறு மாதம் கழித்து, கையெழுத்து எதுவும் கேட்காமல் பேசினால் உண்மை வரும்.

அப்புறம் விளம்பரத்தை எடுத்துப் படித்துப் பாருங்கள். கல்வித் தகுதி, வயது வரம்பு, ஊதிய விகிதம், கடைசித் தேதி எல்லாம் இருக்கும். மருத்துவர் தெரிந்துகொள்ள விரும்புவது ஒன்றும் இருக்காது. வாரத்துக்கு எத்தனை இரவு ஆன்-கால் (கூப்பிட்டால் வந்தாக வேண்டிய முறைப்பணி)? எத்தனை படுக்கை? ஒரு நாள் புறநோயாளர் பிரிவில் சராசரியாக எத்தனை பேர்? உளவியலாளரும் சமூகப் பணியாளரும் இருக்கிறார்களா, அல்லது அந்த நாற்காலிகளும் காலியா? இந்த எண்களை உள்ளபடி போட்டால் ஆள் வரமாட்டார்கள் என்று பயமாக இருந்தால், குறை விளம்பரத்தில் இல்லை என்று தெரிந்துகொள்ளலாம்.

உண்மையிலேயே அவ்வளவு பற்றாக்குறையா? இல்லை, எங்களுக்குத்தான் கிடைக்கவில்லையா?

இரண்டும்தான். உலக சுகாதார நிறுவனம் 2020-ஆம் ஆண்டுக்கு வெளியிட்ட 'மனநல வரைபடம்' என்ற புள்ளிவிவர அறிக்கையின்படி, 1 லட்சம் மக்களுக்கு இருக்கும் மனநல மருத்துவர்களின் உலக இடைநிலை அளவு (நாடுகளை வரிசைப்படுத்தினால் நடுவில் வருவது) 1.7. வருமானம் மிகுந்த நாடுகளில் 8.6, மிகவும் குறைந்த நாடுகளில் 0.1. அதாவது 10 லட்சம் பேருக்கு ஒருவர். அரசுகள் தங்கள் சுகாதாரச் செலவில் மனநலத்துக்கு ஒதுக்குவது நூற்றுக்கு 2 ரூபாய்க் கணக்குதான்.

ஆனால் 8.6 இருக்கும் நாடுகளிலும் அரசு சேவையில் காலியிடம் இருக்கிறது. இருப்பவர்கள் நகரங்களிலும் தனியார் பக்கமும் குவிந்துவிடுகிறார்கள். நாட்டில் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்பதை நீங்கள் மாற்ற முடியாது. அவர்களில் எத்தனை பேர் உங்களிடம் வருகிறார்கள் என்பதை ஓரளவு மாற்றலாம்.

சம்பளத்தை ஏற்றினால் பிரச்சினை தீர்ந்துவிடாதா?

சம்பளம் முக்கியமில்லை என்று சொல்பவரை நம்பாதீர்கள். பெரும்பாலும் அதைச் சொல்பவர் சம்பளம் கொடுக்கும் இடத்தில் இருப்பவராகத்தான் இருப்பார். தனியார் துறையோடு சரிக்குச் சரி போட்டியிட அரசால் முடியாமல் போகலாம். ஆனால் பக்கத்து மாகாணத்து அரசு சேவையைவிடவும் குறைவாகக் கொடுத்துவிட்டு "சேவை மனப்பான்மை" பற்றிப் பேசினால் எடுபடாது.

ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் 2025 ஜனவரியில் நடந்ததைப் பாருங்கள். அரசுப் பணியில் இருந்த மனநல மருத்துவர்களில் 200-க்கும் மேற்பட்டோர் மொத்தமாக ராஜினாமாக் கடிதம் கொடுத்தார்கள். கேட்டது 25 சதவீத ஊதிய உயர்வு. மேலோட்டமாகப் பார்த்தால் பணச் சண்டை. அவர்கள் சொன்ன காரணத்தைக் கேட்டால் கதை வேறு. பணியிடங்கள் பெரும் பங்கு காலியாகக் கிடக்கின்றன, இருப்பவர்கள் அந்தச் சுமையையும் சேர்த்துச் சுமக்கிறார்கள், நோயாளிகளுக்குப் பாதுகாப்பாகச் சிகிச்சை கொடுக்க முடியவில்லை, ஊதியம் ஏறினால்தான் காலியிடத்துக்கு ஆள் வரும் என்பதுதான் வாதம். பணத்தை அவர்கள் கேட்டது பக்கத்து நாற்காலியில் இன்னொருவர் வந்து உட்கார வேண்டும் என்பதற்காக.

என் அனுபவமும் இதுதான். சம்பளம் ஆளைக் கதவு வரை கொண்டுவரும். உள்ளே இரண்டு வருடம் வைத்திருப்பது வேறு.

நிரந்தர ஆள் கிடைக்கும் வரை தற்காலிக மருத்துவர்களை வைத்து ஓட்டினால் என்ன?

ஓட்டலாம். ஆனால் எப்போது நிறுத்தப்போகிறீர்கள் என்று முதல் நாளே முடிவு செய்துவிடுங்கள். தற்காலிக மருத்துவருக்கு நாள் கணக்கில் கொடுக்கும் தொகை, நிரந்தர மருத்துவரின் சம்பளத்தை நாளாகப் பிரித்தால் வருவதைவிடப் பல இடங்களில் அதிகம். அவருக்குக் கூட்டம் கிடையாது, பயிற்சி மருத்துவர்களைக் கவனிக்கும் வேலை கிடையாது, புகாருக்குப் பதில் எழுதும் வேலை கிடையாது. இதையெல்லாம் பக்கத்து அறையில் இருக்கும் நிரந்தர மருத்துவர் பார்த்துக்கொண்டிருப்பார். ஒரு நாள் அவரும் ராஜினாமா செய்துவிட்டு, அடுத்த மாதம் தற்காலிகமாகத் திரும்பி வருவார். அதே வார்டு, அதே நோயாளிகள், இரண்டு மடங்கு பணம். நான் நேரில் பார்த்தது. அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

நோயாளி பக்கம் இருந்து பார்த்தால் இன்னும் மோசம். தன் வாழ்க்கையிலேயே மிகவும் சொல்ல முடியாத விஷயத்தை ஒருவரிடம் சொல்லி முடிக்கும்போது அவர் போய்விடுகிறார். மறுபடி முதலிலிருந்து. நாலாவது மருத்துவரிடம் சொல்வதை நிறுத்திவிடுகிறார்கள். கோப்பில் "ஒத்துழைக்கவில்லை" என்று ஏறுகிறது.

அப்படியானால் எதற்காகத்தான் வருகிறார்கள்?

குழுவுக்காக. தனியார் அறையில் தனியாக உட்கார்ந்து மருந்துச் சீட்டு எழுதும் மருத்துவரிடம் இல்லாத ஒன்று அரசு சேவையில் இருக்க முடியும். செவிலியர், உளவியலாளர், சமூகப் பணியாளர், தொழில்வழிச் சிகிச்சையாளர் என்று ஒரே நோயாளியைப் பற்றி ஐந்து பேர் ஐந்து கோணத்தில் யோசிக்கும் இடம் அது. தீவிர மனச்சிதைவு, மகப்பேறுக்குப் பிந்தைய மனநோய், சிறையிலிருந்து வருபவர்கள், போதைப்பழக்கமும் மனநோயும் சேர்ந்து இருப்பவர்கள் போன்ற கடினமான நிலைகளை வேறெங்கும் இவ்வளவு நெருக்கமாகப் பார்க்க முடியாது. நல்ல மருத்துவருக்கு இது பெரிய ஈர்ப்பு.

இத்தாலியின் திரியெஸ்தே நகர மனநோய் மருத்துவமனைக்கு 1971-இல் பிராங்கோ பசாலியா என்ற மனநல மருத்துவர் இயக்குநராக வந்தார். நோயாளிகளை அடைத்து வைப்பதை முடிவுக்குக் கொண்டுவரும் வேலை தொடங்கியது. பல ஊர்களிலிருந்து இளம் மருத்துவர்களும் தன்னார்வலர்களும் அங்கே தேடி வந்தார்கள். 1978-இல் இத்தாலி கொண்டுவந்த 180-ஆம் சட்டம் நாடு முழுவதும் மனநோய் மருத்துவமனைகளை மூடும் பாதையைத் திறந்தது. எல்லா ஊரும் திரியெஸ்தே ஆக முடியாதுதான். ஆனாலும் "இங்கே ஒரு வேலை நடக்கிறது" என்ற பேச்சு பரவினால் ஆள் வருவார்கள் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

அன்றாட அளவில் சொன்னால், வருபவர் பார்ப்பது இவைதான்: பொறுப்பில் இருக்கும் நோயாளிகளுக்கு ஒரு உச்சவரம்பு, விடுப்பு எடுத்தால் யார் பார்ப்பார்கள் என்பதற்கு எழுத்தில் பதில், வாரத்தில் அரை நாளாவது படிக்கவோ கற்பிக்கவோ நேரம். அந்த அரை நாளை முதல் மாதமே ஓ.பி. கூட்டத்துக்குத் தின்னக் கொடுத்துவிட்டால், வாக்குறுதி போய்விட்டது என்று அவர் குறித்துக்கொள்வார்.

எங்களுக்கு ஒரே ஒரு மனநல மருத்துவர் பணியிடம்தான் அனுமதி. அதை எப்படி நிரப்புவது?

முடிந்தால் நிரப்பாதீர்கள். அதாவது, அந்த இடத்தைத் தனியாக நிரப்பாதீர்கள். ஒற்றை மனநல மருத்துவராக இருப்பது இந்தத் துறையிலேயே மிகக் கடினமான வேலை. 365 நாளும் கூப்பிடுவார்கள், கலந்து பேச ஆள் இல்லை, கட்டாய அனுமதிக்கு (நோயாளியின் சம்மதமில்லாமல் மருத்துவமனையில் சேர்ப்பதற்கு) இரண்டாவது கருத்து கேட்கவும் ஆள் இல்லை. பக்கத்து மூன்று வட்டாரங்களில் இருக்கும் மூன்று ஒற்றைப் பணியிடங்களைச் சேர்த்து, ஒரே இடத்தில் மூவர் குழுவாக வைத்து, வாரத்தில் இன்ன நாள் இன்ன ஊர் என்று அனுப்புங்கள். நிர்வாக எல்லைகள் குறுக்கே வரும், கோப்பு சுற்றும். ஆனால் மூன்று இடமும் நிரம்ப வாய்ப்பு உண்டு. இப்போது இருப்பதுபோல விட்டால் மூன்றும் காலியாகவே இருக்கும்.

வெளிநாட்டிலிருந்து ஆள் எடுக்கலாமா?

பல நாடுகள் எடுக்கின்றன. அமெரிக்காவில் 1994 முதல் இருக்கும் கான்ராட் திட்டத்தில், பயிற்சி விசாவில் வந்த வெளிநாட்டு மருத்துவர், மருத்துவர்கள் குறைவாக உள்ள பகுதியில் 3 ஆண்டு வேலை செய்தால், சொந்த நாட்டுக்கு 2 ஆண்டு திரும்பிப் போக வேண்டும் என்ற நிபந்தனையிலிருந்து விலக்கு கிடைக்கும். இன்று ஒரு மாநிலத்துக்கு ஆண்டுக்கு 30 இடம்.

ஆனால் நீங்கள் எடுக்கும் ஒருவர் இன்னொரு ஊரில் விடும் காலியிடத்தையும் கணக்கில் சேருங்கள். மருத்துவர்கள் வெளியேறாமல் இருந்திருந்தால், பல ஏழை நாடுகளில் மனநல மருத்துவர்களின் எண்ணிக்கை இரண்டு மடங்குக்கும் மேல் இருந்திருக்கும் என்று 2010-இல் வெளியான ஓர் ஆய்வு கணக்கிட்டது. இலங்கை, பாகிஸ்தான், நைஜீரியா போன்ற நாடுகளில் அதைவிடவும் பல மடங்கு. அதே 2010-இல்தான் உலக சுகாதார சபை, சுகாதாரப் பணியாளர்களை நாடு விட்டு நாடு சேர்ப்பதற்கான நடைமுறை விதிகளை ஏற்றது. சுகாதாரப் பணியாளர் பற்றாக்குறை கடுமையாக உள்ள நாடுகளுக்காக உலக சுகாதார நிறுவனம் 2023-இல் வெளியிட்ட பாதுகாப்புப் பட்டியலில் 55 நாடுகள் உள்ளன. அந்த நாடுகளில் முகாம் போட்டு ஆள் பிடிக்கக் கூடாது என்பது அதன் சாரம். ஒரு மருத்துவர் தானாக விண்ணப்பிப்பதை அது தடுக்கவில்லை.

இன்னொரு விஷயம், மொழி. எலும்பு முறிவை எக்ஸ்ரே காட்டிவிடும். மனநலத்தில் நோயாளி சொல்லும் சொல்தான் எக்ஸ்ரே. "மனசே சரியில்லை" என்பதற்கும் "மனசு விட்டுப்போச்சு" என்பதற்கும் இடையே உள்ள தூரம் எந்த மொழித் தேர்விலும் வராது. பின்னது சில சமயம் உயிர்ப் பிரச்சினை. ஆகவே வெளிநாட்டு மருத்துவரை எடுத்தால் முதல் சில மாதங்கள் அனுபவமுள்ள உள்ளூர் செவிலியர் ஒருவரோடு சேர்த்து நோயாளிகளைப் பார்க்கவையுங்கள். வீடு, குடும்பம், விசா எல்லாவற்றுக்கும் பெயர் சொல்லக்கூடிய ஒருவர் பொறுப்பாக இருக்கட்டும். வந்து இறங்கிய மறுநாளே தனி ஆன்-கால் போட்ட இடங்களில் ஒருவரும் நிலைக்கவில்லை.

பாண்டு (இத்தனை ஆண்டு அரசுப் பணி செய்வேன் என்ற ஒப்பந்தம்) போட்டுக் கட்டாயமாக வைத்தால்?

பாண்டு காலம் முடியும் வரை இருப்பார்கள். காலண்டரில் நாள் எண்ணிக்கொண்டு. படிப்புச் செலவை அரசு ஏற்பது, கல்விக் கடனை அடைப்பது போன்றவற்றுக்கு ஈடாகக் கேட்பது நியாயம். ஆனால் அந்த வருடங்களை அவர் எப்படிக் கழிக்கிறார் என்பதைப் பொறுத்துத்தான் பிறகு இருப்பதும் போவதும். கிராமப் பின்னணியில் இருந்து வந்தவர்களும், படிக்கும்போதே அப்படிப்பட்ட ஊர்களில் பயிற்சி எடுத்தவர்களும் அங்கே தங்கும் வாய்ப்பு அதிகம் என்பதை உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டுதல்களே சொல்கின்றன. பாண்டைவிட அது பலமான கயிறு.

மருத்துவ மாணவர்கள் இந்தத் துறைக்கே வருவதில்லையே?

மாணவர் மனநலத் துறையை முதலில் பார்ப்பது எங்கே என்று யோசியுங்கள். பெரும்பாலும் பூட்டிய வார்டில், நோய் மிகவும் முற்றிய நிலையில் இருக்கும் ஒருவரை, இரண்டு வாரம். அவர் குணமாகி வேலைக்குப் போவதை மாணவர் பார்ப்பதே இல்லை. வார்டுக்கு வெளியே வேறு துறைப் பேராசிரியர் "அதெல்லாம் ஒரு மருத்துவமா" என்று சிரிப்பார். இரண்டும் சேர்ந்தால் போதும்.

பிரிட்டனில் ராயல் மனநல மருத்துவர்கள் கல்லூரி 2017-இல் "மனநல மருத்துவத்தைத் தேர்ந்தெடு" என்ற பிரசாரத்தைத் தொடங்கியது. அதற்கு முன்பு அடிப்படைப் பயிற்சி இடங்களில் கணிசமானவை காலியாக இருந்தன. 2020 வாக்கில் ஏறக்குறைய எல்லாம் நிரம்பின. நல்ல வெற்றிதான். ஆனால் அங்கே அடிப்படைப் பயிற்சி 3 ஆண்டு, உயர்நிலைப் பயிற்சி இன்னும் 3 ஆண்டு. 2020-இல் சேர்ந்தவர் கன்சல்டன்ட் (பயிற்சி முழுதும் முடித்த சிறப்பு மருத்துவர்) ஆக 2026 ஆகிவிடும், அதுவும் இடைவெளி எடுக்காமல் போனால். அடுத்த மாத ரோஸ்டருக்கு (பணிமுறைப் பட்டியலுக்கு) இது உதவாது. ஆனாலும் இன்றே தொடங்க வேண்டும். எளிய வழி: மாணவர்களை வார்டோடு நிறுத்தாமல், குணமாகி வீட்டில் இருப்பவர்களைப் பார்க்கப் போகும் சமுதாயச் செவிலியரோடு அனுப்பிவையுங்கள்.

நேர்காணலில் என்ன கேட்பது?

பாடப்புத்தகக் கேள்வி வேண்டாம். தேர்வு எழுதித்தான் வந்திருக்கிறார். நான் வழக்கமாகக் கேட்பது: "நீங்கள் எடுத்த முடிவு ஒன்றைச் செவிலியர் ஒருவர் மறுத்துப் பேசியது எப்போது? என்ன செய்தீர்கள்?" அப்படி ஒன்று நடந்ததே இல்லை என்று சொல்பவரிடம் எனக்குக் கொஞ்சம் தயக்கம். குழுவில் ஒரு செவிலியரும், சிகிச்சை பெற்றுக் குணமான ஒருவரும் இருந்தால் நல்லது. மருத்துவர் யார் கண்ணைப் பார்த்துப் பதில் சொல்கிறார் என்பது அப்போது தெரிந்துவிடும்.

தேர்வாகிறார்கள், ஆனால் வந்து சேர்வதில்லை. ஏன்?

நியமன ஆணை போய்ச் சேர ஐந்து மாதம் ஆனால் யார் காத்திருப்பார்? இன்னொன்று, வாழ்க்கைத்துணைக்கு அந்த ஊரில் வேலை கிடைக்குமா, பிள்ளைக்குப் பள்ளி உண்டா என்று யாரும் கேட்பதில்லை. கேட்டுப் பாருங்கள்.

காணொளி வழியே தொலைவிலிருந்து பார்க்கச் சொன்னால்?

மனநலத்துக்குத் தொலைமருத்துவம் நன்றாகப் பொருந்துகிறது. ஸ்டெதஸ்கோப் குறைவு, பேச்சு அதிகம். தொடர் சிகிச்சைக்கும், கிராம மருத்துவர்களுக்கு ஆலோசனை சொல்லவும் தாராளமாகப் பயன்படுத்துங்கள். ஆனால் இரவு 2 மணிக்குக் கதவை உடைப்பவரிடம் திரையைக் காட்ட முடியாது. தொலைவில் இருப்பவர் எடுக்கும் முடிவை நேரில் நிறைவேற்றும் பாரம் அங்கே இருக்கும் செவிலியர் தலையில்தான் விழும்.

மனநல மருத்துவர் இல்லாமலேயே சேவை நடத்த முடியாதா?

ஓரளவுக்கு முடியும், முடிந்திருக்கிறது. ஜிம்பாப்வேயில் டிக்சன் சிபாண்டா என்ற மனநல மருத்துவர் 2006-இல் நட்பு இருக்கைத் திட்டத்தைத் தொடங்கினார். அவருடைய நோயாளி ஒருவர், மருத்துவமனைக்கு வரப் பேருந்துக் காசு இல்லாமல் வீட்டிலேயே இருந்து தற்கொலை செய்துகொண்டதுதான் தன்னைத் திருப்பியது என்று அவரே சொல்லியிருக்கிறார். சுகாதார நிலையத்துக்கு வெளியே மர இருக்கையில் உட்கார்ந்து பேச 14 பாட்டிகளுக்குப் பயிற்சி கொடுத்தார். 2016-இல் வெளியான ஆய்வில், அந்த இருக்கையில் பேசியவர்களுக்கு மனச்சோர்வும் பதற்றமும் குறைந்திருந்தன. உலக சுகாதார நிறுவனமும் 2008 முதல், சிறப்பு மருத்துவர் அல்லாதவர்களுக்கு மனநலப் பயிற்சி தரும் திட்டத்தை நடத்துகிறது.

ஆனால் இதை "மனநல மருத்துவர் தேவையில்லை" என்று படித்துவிடாதீர்கள். பாட்டிகளுக்குப் பின்னால் ஒரு மருத்துவர் இருந்தார். பயிற்சி கொடுத்தது, சிக்கலானவர்களைத் தன்னிடம் அனுப்பச் சொன்னது, மேற்பார்வையிட்டது எல்லாம் அவர். சொல்லப்போனால் இது அந்த மருத்துவப் பணியை இன்னும் சுவையாக்குகிறது. ஒரு நாளைக்கு 90 பேருக்கு மருந்துச் சீட்டு எழுதும் வேலைக்கு விளம்பரம் கொடுப்பதைவிட, 20 சுகாதாரப் பணியாளர்களை வழிநடத்தி, கடினமான 15 பேரைத் தானே பார்க்கும் வேலைக்கு விளம்பரம் கொடுத்துப் பாருங்கள். அதே சம்பளம்தான்.

நான் மருத்துவர். என் நோயாளி ஒருவர் தற்கொலை செய்துகொண்டால் அரசு சேவையில் என்ன ஆகும் என்று பயமாக இருக்கிறது.

நியாயமான பயம். நீண்ட காலம் இந்தத் துறையில் இருப்பவர்களில் பலருக்கு இது ஒரு முறையாவது நேர்ந்திருக்கும். கேட்க வேண்டியது, அதற்கு மறுநாள் நிர்வாகம் என்ன செய்கிறது என்பது. சில இடங்களில் மூத்தவர் ஒருவர் உடனே வந்து பக்கத்தில் உட்காருவார், அந்த வாரம் ஆன்-காலிலிருந்து விலக்குவார், குடும்பத்தைச் சந்திக்கக் கூடவே வருவார். விசாரணை இருக்கும், ஆனால் என்ன நடந்தது என்று அறிய இருக்கும். வேறு சில இடங்களில் முதலில் வருவது விளக்கம் கேட்டு ஒரு கடிதம். நான் பார்த்த நல்ல மருத்துவர்கள் சிலர் அரசுப் பணியை விட்டது அப்படிப்பட்ட கடிதம் வந்த வாரத்தில்தான். தாக்குதலுக்கும் இதே அளவுகோல்: வார்டில் அடிபட்ட ஊழியருக்கு என்ன நடந்தது என்று விசாரியுங்கள்.

சேர்வதற்கு முன் வேறு என்ன பார்க்க வேண்டும்?

ஒரு நாள் அங்கே போய்ச் சும்மா இருந்து பாருங்கள். கண்காணிப்பாளர் சுற்றிக் காட்டும் நாள் வேண்டாம், சாதாரண ஓ.பி. நாள். செவிலியர் அறையில் கொஞ்ச நேரம் உட்காருங்கள். பயிற்சி மருத்துவர்களிடம், கடைசியாக எப்போது முழு வார இறுதியும் விடுப்பு கிடைத்தது என்று கேளுங்கள். பிறகு கடந்த மூன்று மாத ஆன்-கால் ரோஸ்டரைக் கேளுங்கள், அடுத்த மாதத்துடையதை வேண்டாம். அடுத்த மாத ரோஸ்டர் எல்லா இடத்திலும் அழகாகத்தான் இருக்கும். பழையதில் எத்தனை பெயர்கள் அடித்துத் திருத்தப்பட்டிருக்கின்றன, அடித்த இடத்திலெல்லாம் ஒரே பெயர் எழுதப்பட்டிருக்கிறதா என்று எண்ணுங்கள். அப்படி ஒரே பெயர்தான் என்றால், முடிவு செய்வதற்கு முன் அவரோடு தனியாகப் பேசுங்கள்.